மூன்று கால் முயல்

குத்தாயிசியில் அன்று காலையிலிருந்தே
மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.
தம்தா தன் பழைய மடிக்கணினியைக்
கம்பளிச் சால்வையில் சுற்றி எடுத்துவந்தாள்.
கீல் உடைந்தது. விசைப்பலகையில் இரண்டு எழுத்து இல்லாதது.
என் குளிர்பெட்டியின் தலைமேல் அதைக் கிடத்தி
இனி இதுதான் நம் அலமாரி என்றாள்.

நால்வருக்கு ஓர் அலமாரி.
எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் இல்லாமல்
என் சமையலறையில், வெண்ணெய்க்கும் ஊறிய பூண்டுக்கும் மேலே.

கோச்சாவுக்குச் சிரிப்பு.
ஒளித்துவைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?
பத்துமியில் எடுத்த படங்கள்,
என் விவாகரத்துத் தாள்கள்,
நீ பாடிக் கெடுத்த இரண்டு பாட்டு.

தம்தா திரும்பாமலே சொன்னாள்:
போன மாதம் உன் கடைவாய்ப் பல்லைப் படமெடுத்து
எங்களுக்கு மட்டும் அனுப்பினாய்.
மறுநாள் உன் திரையில் எத்தனை பல் மருத்துவர்கள்?

கோச்சா நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுக்கொண்டான்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லைதான்.
உலையை வேறு வீட்டில் வைக்கலாமே.

ஆளுக்கு இரண்டு சாவி.
ஒன்றுக்குப் பூட்ட மட்டுமே தெரியும்,
அதைத் தெருவில் இறைத்தாலும் பாதகமில்லை.
மற்றதுக்குத் திறக்கத் தெரியும்,
அதைக் கட்டியவளுக்கும் காட்டக் கூடாது
என்று தம்தா சொன்னபோது
கோச்சா, அந்தச் சிக்கல் எனக்கில்லை என்றான்.

ஸாஸா போத்தி துறைமுகத்தில், பாரந்தூக்கியின் உச்சியில்.
அவன் சாவியின் விரல்ரேகையை
அவனே வாயால் வாசிக்க, நாங்கள் சரிபார்க்க வேண்டும்.
நாற்பது எழுத்தும் எண்ணும்.
இருபத்தாறாவதில் கடற்காற்று ஓர் எட்டைத் தின்றது.
மறுபடி முதலிலிருந்து.
பாதியில் அவன் கீழே யாரையோ திட்டினான்,
அதையும் தம்தா எழுதிவிட்டு அடித்தாள்.

பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை.
சிறு பச்சை விளக்கு சிமிட்டும்.
நள்ளிரவில் தண்ணீர் குடிக்கப் போனால்
யாரோ எதையோ உள்ளே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரியில் திரை கேட்டது:
ஸாஸாவின் சாவி மாறியிருக்கிறது. இது அவர்தானா?

பழைய கைபேசி கடலில் விழுந்துவிட்டது,
என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று
தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.
கூப்பிட்டால் அதே கரகரப்பு, அதே இருமல்.
குரலைக்கூட இப்போது செய்துவிடுகிறார்கள், என்றாள் தம்தா.
கடலில் விழாமல் களவு போயிருந்தால்?
நம் படமெல்லாம் பார்த்தவன்தான் பேசுகிறான் என்றால்?

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.
பத்துமியில் மழைக்குத் தங்கினோமே, அந்த அறைக்கதவு என்ன நிறம்?

நீலம்.
வீட்டுக்காரி எடுத்த படத்தில்
ஸாஸாவின் ஈரத்தலைக்குப் பின்னால் அப்பட்டமான நீலம்.
கோப்புறையில் நான்காவது படம்.
எந்தத் திருடனும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பச்சை, என்றது குரல்.
பச்சைதான். பதினைந்து வருடமாகச் சொல்கிறேன்.
படம் பொய். நீங்கள் மூவரும் குருடர்கள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
அந்த நான்காம் காலை
நாற்பது எழுத்தில் எங்கும் ஒளிக்க முடியாது,
ஊகிக்க முடியாது, களவாட முடியாது.
தம்தா ஒரு சொல்லும் பேசாமல்
'ஆம்' என்பதை அழுத்தினாள்.

இரவு ஒன்றரைக்கு விளக்கு சிமிட்டியது.
புதிதாக ஒரே ஒரு கோப்பு, பெயர்: சாட்சி.
போத்தியில் ஏதோ ஒரு கிடங்கு,
கை நடுங்க எடுத்த
ஒரு பச்சைக் கதவு.

தம்தா அழித்தாள். நான்கு வீட்டிலும் அழிந்தது.
காலையில் பார்த்தால் திரும்பவும் இருக்கிறது,
இப்போது இரண்டு.